செயற்கைக்கோள் படத்தில் காணும் கோடும் தரையில் காணும் பிளவும்

மும்பை மாநகரின் கிழக்கு விளிம்பில், செம்பூருக்கு அப்பால், திராம்பே குன்றுகளின் அடிவாரத்தில் அணுசக்தி நகர் அமைந்துள்ளது. குன்றுகளுக்கும் தாணே உப்பங்கழிக்கும் இடைப்பட்ட நிலத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் பரந்திருக்கின்றது. இந்தியாவின் முதல் அணு உலையான 'அப்சரா' 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது இங்கேதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது. இந்நகர் நிற்கும் தரையோ ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி வழிந்த எரிமலைக் குழம்பு இறுகியதால் ஆகியது. அணு உலை போன்றதொரு கட்டடத்தை எங்கே அமைக்கலாம், எங்கே அமைத்தல் ஆகாது என்று முடிவு செய்வோர் முதலிற் கேட்கும் வினாக்களுள் ஒன்று, 'இப்பாறையில் பிளவு உண்டா? உண்டெனில் அஃது இன்னும் அசையக்கூடியதா?' என்பதாகும். அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியில் விண்ணிலிருந்து எடுக்கப்படும் படங்கள் எவ்வளவு தூரம் உதவும், எவ்விடத்தில் அவை நின்றுவிடும் என்பதே இங்கு விளக்கப்படுகின்றது.

1983 நவம்பரில் நிறுவப்பெற்ற ஒழுங்குமுறை வாரியம், 1990-இல் அணுமின் நிலையங்களுக்கு இடம் தெரிவு செய்வதற்கான நெறிகளை வெளியிட்டது. அவற்றின்படி, கருதப்படும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இயங்கவல்ல பிளவு ஒன்று இருக்குமாயின் அவ்விடம் தள்ளப்படும். மேலும், அவ்விடத்தைச் சுற்றி 300 கிலோமீட்டர் ஆரமுள்ள பரப்பு முழுவதிலும் உள்ள பிளவுகளையும் நேர்ந்த நிலநடுக்கங்களையும் தொகுத்து வரைபடமாக்குதல் வேண்டும். இத்துணைப் பரந்த நிலத்தை நடந்து அளப்பதாயின் பல ஆண்டுகள் செல்லும். ஆகவேதான் செயற்கைக்கோள் படம் இப்பணியில் முதற்கருவியாகக் கொள்ளப்படுகின்றது.

பிளவு என்ற சொல்லை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். பாறையில் காணும் வெடிப்பெல்லாம் பிளவாகாது. எரிமலைக் குழம்பு குளிரும்போது சுருங்கி வெடிக்கும். அவ்வாறு பிறந்த அறுகோணத் தூண்களை மும்பை அந்தேரியிலுள்ள கில்பர்ட் குன்றில் எவரும் காணலாம். அங்கே வெடிப்பின் இருபுறப் பாறையும் ஒன்றையொன்று சார்ந்து இடம் பெயரவில்லை. வெடிப்பின் ஒருபுறம் மேலேறியோ, கீழிறங்கியோ, பக்கவாட்டில் நகர்ந்தோ இருக்குமாயின் அதனையே நிலவியலார் பிளவு என்பர். நிலநடுக்கம் என்பது அத்தகைய பெயர்ச்சி திடீரென நிகழ்வதன் விளைவேயாகும்.

இனி, மேற்கிந்தியாவின் எரிமலைப் பாறைகள் விண்ணிலிருந்து எவ்வாறு தோன்றுகின்றன என்பதைப் பார்ப்போம். தக்காணத்தில் இன்று இப்பாறைகள் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியுள்ளன. ஒரே வாய் வழியே பொங்கியெழுந்த மலையன்று இது. நீண்ட வெடிப்புகளின் வழியே குழம்பு மீண்டும் மீண்டும் வெளிவந்து, ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. இரு வெளிப்பாடுகளுக்கு இடையே ஓய்வு நேர்ந்தபோது பாறையின் மேற்பரப்பு சிதைந்து செம்மண்ணாயிற்று. அதன்மேல் அடுத்த குழம்பு பரவி அதனைச் சுட்டது. இன்று சகியாத்திரி மலையின் செங்குத்துச் சரிவுகளில் கரும்பாறைகளுக்கு இடையே செந்நிறப் பட்டைகள் ஓடுவதற்கு இதுவே காரணம். கெட்டியான பாறை செங்குத்தாக நிற்க, மென்மையான அடுக்குகள் அரித்துப் பின்வாங்குவதால் மலைச்சரிவு படிக்கட்டுப் போலாகின்றது. படிகளின் தட்டையான பகுதியில் மண்ணும் ஈரமும் தங்கி மரஞ்செடி வளரும். செங்குத்தான பகுதி வெறுமையாக நிற்கும். ஆதலால் விண்படத்தில் ஒவ்வொரு மலையையும் சுற்றி, மரத்தின் குறுக்குவெட்டிலுள்ள வளையங்களைப் போல, பட்டைகள் தெரிகின்றன. அப்பட்டைகளே படம் படிப்போருக்கு எழுத்துகள்.

1972 ஜூலை 23-இல் அமெரிக்கா ஏவிய, பின்னர் லேண்ட்சாட்-1 எனப் பெயர் மாற்றப்பெற்ற கோள்தான் இத்தகைய படங்களை உலகெங்கும் ஒழுங்காக அளித்த முதற்கோள். 900 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து 185 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பட்டையை அது ஒரே பார்வையில் படமெடுத்தது. அதன் படப்புள்ளி ஒன்று தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் சதுரத்தைக் குறித்தது. வீட்டையோ சாலையையோ அதில் தெளிவாகக் காண இயலாது. ஆயினும், கொங்கணக் கடற்கரை, இடையிலுள்ள தாழ்நிலம், சகியாத்திரி முகடு, அப்பாலுள்ள மேட்டுநிலம் ஆகிய யாவும் ஒரே சட்டத்துக்குள் அடங்கியமையால், தரையில் நிற்பவனுக்கு ஒருபோதும் புலப்படாத நீண்ட கோடுகள் புலப்பட்டன. எறும்பு கோலத்தின்மேல் ஊர்கின்றது. நின்று பார்ப்பவர்க்கே கோலம் தெரிகின்றது. தாராப்பூரில் நாட்டின் முதல் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1969-இல் இவ்வசதி எவருக்கும் இருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளலாம்.

இந்தியா 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளை ஏவியது. அதன் இரண்டாம் வகைக் கருவி 36 மீட்டர் அளவில் படமெடுத்தது. 1995 டிசம்பரில் ஏவப்பெற்ற ஐ.ஆர்.எஸ்.-1சி, 6 மீட்டருக்கும் குறைந்த அளவில் கருப்பு-வெள்ளைப் படங்களைத் தந்தது. 2005-இல் சென்ற கார்ட்டோசாட்-1, ஒரே நிலத்தை முன்னும் பின்னுமாக இரு கோணங்களில் படமெடுத்து, இரு கண்களால் பார்ப்பதைப் போன்று மேடு பள்ளத்தை அறிய உதவியது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இவற்றைப் பெற்று வழங்கி வந்துள்ளது.

இக்கருவிகள் நிழற்படக் கருவி போல் ஒரே படம் எடுப்பதில்லை. பச்சை, சிவப்பு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு எனப் பிரித்துத் தனித்தனியே அளக்கின்றன. பசுந்தழை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும்; நீர் அதனை முற்றிலும் விழுங்கும். அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாகக் காட்டும் பொய்வண்ணப் படத்தில் தாணே உப்பங்கழி கருமையாகவும், அதன் கரையிலுள்ள சதுப்புநிலக் காடு செக்கச் செவேலென்றும் தோன்றும். இரும்புச் சத்து மிகுந்த பசால்ட் பாறை எல்லாக் கதிரையும் பெரிதும் விழுங்குவதால் மங்கிய கருநிறத்தில் இருக்கும். மாதேரான், மகாபலேசுவரம் ஆகிய உச்சிகளை மூடியுள்ள செந்நிற லேட்டரைட் வேறு சாயல் காட்டும். மும்பைக்கு வடக்கே மத், மனோரி பகுதிகளில் வெளிர்நிறமுள்ள வேறு வகை எரிமலைப் பாறைகள் உள்ளன. மணற்சத்து மிகுந்த இவற்றைப் பசால்ட்டிலிருந்து பிரித்தறிய வெப்பக்கதிர் அலைகள் உதவும். 1999 டிசம்பரில் டெர்ரா என்னும் கோளுடன் சென்ற ஆஸ்டர் கருவி இதற்கென ஐந்து வெப்பக்கதிர்ப் பட்டைகளைக் கொண்டிருந்தது. ஆனால், நகரமும் காடும் மூடிய இடத்தில் இவ்வுத்திகளின் பயன் சிறிதே. கட்டடத்தின் கூரையைப் படமெடுத்துவிட்டு அதன் அடியிலுள்ள பாறையைப் பற்றிப் பேச இயலாதன்றோ?

எரிமலை நிலத்தில் விண்படம் மிகச் சிறப்பாகக் காட்டுவது 'டைக்' எனப்படும் பாறைச்சுவர்களையாகும். குழம்பு மேலேறி வந்த வெடிப்பிலேயே எஞ்சியது இறுகி, தகடு போன்ற சுவராகின்றது. சுற்றியுள்ள பாறையைவிடக் கெட்டியாயின் அது நீண்ட வரம்பு போல் எழுந்து நிற்கும். மென்மையாயின் அரிக்கப்பட்டு நேரான பள்ளமாகும். இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஜே. பி. ஆடன், மேற்கிந்தியாவின் டைக்குகளைப் பற்றி 1949-இல் விரிவாக எழுதினார். அவர் காலத்தில் கால்நடையே கருவி. பிற்காலத்தில் தபதி ஆற்றை ஒட்டிய நந்துர்பார், துலே மாவட்டங்களில் விண்படமும் களப்பணியும் சேர்ந்து இருநூறுக்கு மேற்பட்ட டைக்குகளை வரைபடமாக்கின. அவை பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. கடற்கரையை ஒட்டியவை வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஒரு நிலம் எத்திசையில் இழுக்கப்பட்டதோ அதற்குக் குறுக்கே வெடிப்பு திறக்குமாதலால், இப்போக்குகளைக் கொண்டு பண்டைய இழுவிசையின் திசையை ஊகிக்கலாம்.

இங்கேதான் முதல் எச்சரிக்கை எழுகின்றது. டைக், படத்தில் மிக நேரான கோடாகத் தெரியும். பிளவும் அவ்வாறே தெரியும். ஆறரைக் கோடி ஆண்டுகளாக அசையாது கிடக்கும் ஒரு டைக்கைப் பிளவெனக் குறித்துவிட்டால், நல்லதோர் இடம் வீணே தள்ளப்படும். அஞ்ச வேண்டாத ஊர்கள் அஞ்சும். ஆகவே படத்தில் காணும் நேரான அமைப்பு எதனையும் உடனே பிளவு என்று கூறாது, 'நிலக்கோடு' என்ற பொதுப்பெயரால் குறிப்பதே முறை. நிலக்கோடு என்பது வினா. பிளவு என்பது அதற்குக் கிடைக்கக்கூடிய விடைகளுள் ஒன்று.

நிலக்கோடு எத்தனை வகையில் ஏமாற்றும் என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். இருப்புப்பாதை, கால்வாய், மின்கம்பிகளுக்காக வெட்டிய காட்டுவழி, காப்புக்காட்டின் எல்லை ஆகிய யாவும் கோடுகளே. தொடக்ககால லேண்ட்சாட் கருவி ஒரே வீச்சில் ஆறு வரிகளைப் பதிவு செய்ததால், ஆறு வரிக்கு ஒருமுறை மங்கலான கோடு விழும் குறையும் இருந்தது; நிலத்திலில்லாத கோட்டைக் கருவியே வரைந்தது! கதிரவனும் ஒரு சூழ்ச்சி செய்கின்றான். இக்கோள்கள் நம் நாட்டைப் பெரும்பாலும் முற்பகலில் கடக்கின்றன. அந்நேரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், ஒளி தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும். அதற்குக் குறுக்கே, அதாவது வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கும் முகடுகள் நிழல் வீசித் துலங்கும். ஒளியின் போக்கிலேயே கிடக்கும் வடமேற்கு தென்கிழக்குக் கோடுகள் மறையும். படத்தில் ஒரு திசைக் கோடுகள் மிகுந்திருந்தால் அது நிலத்தின் இயல்பா, ஒளியின் இயல்பா என்று ஐயுறுதல் வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு அளந்த உலக உயரப் படம் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. கணிப்பொறியில் கதிரவனை எத்திசையிலும் நிறுத்தி நிழல் வீசச் செய்யலாம். மனிதரின் கண்ணும் குற்றமற்றதன்று. ஒரே படத்தைப் பலரிடம் தனித்தனியே கொடுத்துக் கோடு வரையச் சொன்ன சோதனைகளில், எல்லாரும் ஒருங்கே வரைந்த கோடுகள் மிகச் சிலவே.

அணுசக்தி நகரின் அண்மையிலேயே இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. சகியாத்திரியில் எரிமலை அடுக்குகள் ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கின்றன. உப்பங்கழியைக் கடந்து பன்வேல் அருகே வந்தால் அவ்வடுக்குகள் மேற்கு நோக்கிக் கடலின்பால் சாய்கின்றன. நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கு தெற்காக நீளும் இச்சாய்வுப் பட்டை 'பன்வேல் வளைவு' எனப்படும். விண்படத்தில் இது தெளிவாகத் தெரியும். மட்டமான அடுக்குள்ள மலையில் வளையங்கள் மலையைச் சுற்றிச் சீராக ஓடும். சாய்ந்த அடுக்குள்ள மலையிலோ அவை ஓடைகளைக் கடக்குமிடங்களில் வளைந்து, சாய்வின் பக்கம் கூர்முனைகளாக நீளும். படம் இதுவரை ஐயமின்றிப் பேசுகின்றது. ஆனால், அடுக்குகள் வெறுமனே வளைந்தனவா, அன்றி அடியிலுள்ள பிளவுகளின் வழியே சரிந்ததால் வளைந்தனவாகத் தோன்றுகின்றனவா என்று கேட்டால் படம் மௌனமாகிவிடும். 1995-இல் தேசாய், பெர்ட்ராண்ட் ஆகிய இருவரும் இது நிலம் இழுபட்டதால் பிறந்த பிளவுத் தொகுதி என்று வாதிட்டனர். 1998-இல் ஹேது சேத், ஆழத்தில் வளைந்து செல்லும் பிளவொன்றின் மேல் அடுக்குகள் பின்சாய்ந்த வடிவம் இது என்று வேறு விளக்கம் தந்தார். ஒரே படத்தை எல்லாரும் பார்த்தனர்; வேறுபாடு எழுந்தது தரையில் எடுத்த சாய்வுக் கோணங்களிலும் அவற்றின் பொருளிலுமேயாகும்.

திராம்பேயிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள கொய்னா, இவ்வியலின் மிகக் கடுமையான பாடம். மகாபலேசுவரத்தில் பிறக்கும் கொய்னா ஆறு, மலைத்தொடருக்கு இணையாக 60 கிலோமீட்டருக்கு மேல் தெற்கு நோக்கி நேராக ஓடி, ஹேல்வாக் அருகே சட்டெனக் கிழக்கே திரும்புகின்றது. அவ்வாற்றில் 103 மீட்டர் உயர அணை கட்டப்பட்டு, 1962 முதல் நீர் தேங்கியது. 1967 டிசம்பர் 11 விடியுமுன், 6.3 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்து, ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். நீர்த்தேக்கம் தூண்டிய நிலநடுக்கங்களுள் உலகிலேயே மிகப் பெரியதாக இது கருதப்படுகின்றது. அப்போது லேண்ட்சாட் இல்லை. பின்னர்ப் படம் வந்தபோது, நேராக ஓடும் ஆற்றின் கோடே எல்லார் கண்ணிலும் முதலிற் பட்டது. ஆயினும், நிலநடுக்கத்திற்குப் பின் தரையில் காணப்பட்ட வெடிப்புகள், ஆற்றின் போக்கினின்றும் சற்றே விலகி வடவடகிழக்காகத் தோணிசாவாடா என்னும் சிற்றூர் வழியே சென்றன. கண்ணைக் கவர்ந்த கோடு ஒன்று. அசைந்த பிளவு மற்றொன்று. அது மட்டுமன்று: இந்நிலநடுக்கங்கள் பிறப்பது எரிமலைப் பாறையிலன்று, அதன் அடியிலுள்ள தொன்மையான கருங்கல்லில். கோதனே என்னுமிடத்தில் 2017-இல் 3 கிலோமீட்டர் ஆழம் வரை துளையிட்டபோது, ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் பசால்ட்டைக் கடந்த பின்னரே அக்கருங்கல் எட்டியது. விண்ணிலிருந்து பார்ப்பவர் காண்பது அப்போர்வையின் மேல்மடிப்பையே.

1993 செப்டம்பர் 30 விடியுமுன் லாத்தூர் மாவட்டக் கில்லாரியில் நேர்ந்த நிலநடுக்கம் இதனை இன்னும் துயரமாக உணர்த்தியது. ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே மாண்டனர். அங்கே பசால்ட்டின் தடிப்பு சுமார் 338 மீட்டர் எனப் பின்னர்த் துளையிட்டு அறிந்தனர். அந்நிலத்தில், 'இங்கே நடுக்கம் வரும்' என்று முன்கூட்டிச் சொல்லத்தக்க பெரிய நிலக்கோடு எதுவும் எவராலும் சுட்டப்பட்டிருக்கவில்லை. படத்தில் கோடிருந்தால் பிளவென்று முடிவு கட்டுவது ஒரு பிழையாயின், கோடில்லாவிடில் பிளவில்லையென்று நம்புவது அதனினும் பெரிய பிழை.

அவ்வாறாயின், கோட்டைத் தரையில் சோதிப்பது எவ்வாறு? நிலக்கோடு ஒரு செந்நிறப் பட்டையையோ, எளிதில் அடையாளம் காணத்தக்க ஓர் அடுக்கையோ கடக்குமிடத்தைப் படத்தில் தெரிந்தெடுத்து, அங்கே செல்வதே மிகச் சிறந்த தொடக்கம். கோட்டின் இருபுறமும் அப்பட்டை ஒரே உயரத்தில் தொடருமாயின், மேல்கீழ்ப் பெயர்ச்சி அங்கில்லை. பத்து மீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பின், அடுக்குகளை எண்ணிச் சரிபார்த்த பின் பிளவெனக் கருதலாம். ஓடைக்கரையில் நொறுங்கி மாவாகிய பாறையும், உராய்ந்து வழுவழுப்பான தளத்தில் ஒரே திசைக் கீறல்களும் தெரிந்தால் சான்று வலுக்கும். மாறாக, கோடு டைக்காயின், அதன் இரு விளிம்புகளும் விரைந்து குளிர்ந்தமையால் கண்ணாடி போன்று நுண்ணியதாகவும், நடுப்பகுதி பருமணியாகவும் இருக்கும். அதன் தூண்கள் நிமிர்ந்து நில்லாமல் விறகு அடுக்கியதுபோற் படுத்துக் கிடக்கும். ஊரில் கிணறு வெட்டுவோரைக் கேட்பதும் வீண்போகாது. டைக் நிலத்தடி நீருக்கு அணைபோல் நிற்பதால், ஒருபுறக் கிணற்றில் நீர் மேலாகவும் மறுபுறம் வெகு கீழாகவும் இருப்பதை அவர்கள் நன்கறிவர். கொங்கணத்தில் வஜ்ரேசுவரி முதல் இராஜாப்பூர் வரை வடக்கு தெற்காகத் தொடரும் வெந்நீர் ஊற்றுகளும், ஆழமான வெடிப்புகள் எவ்வழியே செல்லக்கூடும் என்பதற்கு ஒரு குறிப்பாகும்.

பிளவென்று உறுதியான பின்னும் பணி முடிவதில்லை. அஃது எப்போது கடைசியாக அசைந்தது என்பதே ஒழுங்குமுறை வாரியம் கேட்கும் வினா. பழம்பாறையை வெட்டிச் செல்லும் பிளவு, அதன்மேல் ஆறு படிய வைத்த இளமையான வண்டலை வெட்டாது நின்றுவிட்டால், வண்டல் படிந்த காலத்துக்குப் பின் அது அசையவில்லை என்றாகும். இதனை அறியக் கோட்டின் குறுக்கே அகழி தோண்டி, அடுக்கடுக்காக வரைந்து, வண்டலின் வயதை அளக்க வேண்டும். மண்வெட்டியின் வேலையை எக்கோளும் செய்துவிடாது.

அண்மையில் ஒரு புதிய வாய்ப்புக் கிட்டியுள்ளது. இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய நைசார் கோள் 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்றது. இது ஒளியைக் கொண்டன்றி ராடார் அலையைக் கொண்டு படமெடுப்பது. ஆதலால் மழைக்கால மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தை அளந்து, இரு அளவைகளையும் ஒப்பிட்டுத் தரை சில சென்டிமீட்டரோ அதனினும் குறைவாகவோ அசைந்திருந்தால் கண்டறியும் வகையில் அது அமைக்கப்பட்டது. அதன் நீண்ட அலை, தழைகளை ஓரளவு ஊடுருவும். இம்முறையில் கோட்டின் வடிவம் மட்டுமன்றி, அஃது இப்போது நகர்கின்றதா என்பதையும் கேட்கலாம். ஆயினும், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரினும் குறைந்த அளவில் விசை சேர்ந்துவரும் தக்காணத்தில் அவ்வினாவுக்கு விடை கிடைக்கப் பல ஆண்டு அளவைகள் தேவைப்படலாம்.

பள்ளிகளில் இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. 2009-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 'புவன்' என்ற பெயரில் இணையத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க வழி செய்தது. தத்தம் மாவட்டத்தின் படத்தைத் திரையில் காட்டி, அதன்மேல் ஒளிபுகும் தாளை ஒட்டி, மாணவரை இருவர் இருவராகப் பிரித்துத் தனித்தனியே கோடு வரையச் செய்யலாம். பின்னர் இரு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், ஒத்துப்போகும் கோடுகள் எவ்வளவு குறைவு என்பதை அவர்களே கண்டு வியப்பர். தமிழ்நாட்டில் எரிமலை அடுக்குகள் இல்லையாயினும், நீலகிரிக்கு வடக்கே மோயாறு ஓடும் நேரான ஆழ்பள்ளம் இப்பயிற்சிக்கு மிக ஏற்றது; 1980-இலேயே டிரூரி, ஹோல்ட் ஆகியோர் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு தென்னிந்தியாவின் இத்தகைய பெருங்கோடுகளை ஆய்ந்துள்ளனர். பயிற்சிக்குச் சனவரி முதல் மார்ச்சு வரை எடுத்த படங்கள் பாறையின் சாயலைக் காணவும், மழை ஓய்ந்த உடன் எடுத்தவை ஈரமும் பசுமையும் தொடரும் வெடிப்புகளைக் காணவும் ஏற்றவை. இரு பருவத்துப் படங்களிலும் தோன்றும் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, இருப்புப்பாதை, சாலை, கால்வாய் ஆகியவற்றை நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒப்பிட்டு நீக்கிய பின், எஞ்சியவற்றுள் பள்ளிக்கு அண்மையிலுள்ள ஒன்றைத் தெரிந்து நேரிற் சென்று பார்க்கலாம்.